மூன்றாம் மாடிக்கு விளக்குக் கேட்டவர்

நோர்வூட் டவுனில் ஒரு நல்ல கடிதம் எழுத வேண்டுமென்றால் செபஸ்தியாம்பிள்ளையிடம்தான் போவார்கள். தேயிலைத் தோட்டத்து ஆபிஸில் முப்பத்தொரு வருஷம் கிளாக்கராக இருந்தவர். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாகிப்போனவர்களுக்கும், தோட்ட லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறவர்களுக்கும், மகனை அடித்த வாத்தியார்மேல் கோபத்தோடு வருகிறவர்களுக்கும் தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதிக் கொடுப்பார். 'ஐயாவோட லெட்டரப் பாத்தா தொரையே எந்திரிச்சு நிப்பாருங்க' என்று எப்போதோ யாரோ சொன்னதை அவர் நகை மாதிரி பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு கடிதத்தால் தன் சொந்தக் கட்டடத்தின் மேல்மாடியைத் தானே இடிக்க வைத்துக்கொண்டார். அந்தக் கதையை இப்போது அவரே ஊருக்கெல்லாம் சொல்கிறார். "படிச்ச முட்டாளப் பாத்திருக்கீங்களா? இல்லன்னா நல்லாப் பாத்துக்குங்க" என்றுதான் ஆரம்பிப்பார்.

கட்டடம் மஸ்கெலியா ரோட்டு வளைவில் இருக்கிறது. கீழே அவருடைய மனைவி மார்கிரட்டின் புடவைக் கடை. அதற்கு மேல் டியூசன் வகுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே 'மார்கிரட் ஹோல்'. பிறந்த நாள், சடங்கு, நிச்சயதார்த்தம் என்று நூறு நூற்றைம்பது பேர் கூடும் மண்டபம்.

அந்த ஹோலை யாரும் கட்டவில்லை. அது தானாக வளர்ந்தது என்பதுதான் செபஸ்தியாம்பிள்ளையின் கட்சி. கட்டி முடித்த வருஷமே மேலே கொங்கிறீட் சிலெப் ஒழுகியது. ஒழுக்குக்கு நாலு தூண் நட்டுத் தகரம் போட்டார். தகரத்துக்குக் கீழே சாரல் அடித்தது. சாரலுக்கு இடுப்பளவு சுவர் எழுப்பினார். அரைச் சுவர் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மார்கிரட் சொன்னாள், ஜன்னல் வைத்தார். ஜன்னல் வைத்த பிறகு தரையைச் சும்மா விடுவானேன் என்று மாபிள் கல் பதித்தார். ஐந்து வருஷத்தில் ஒழுக்கு ஒரு மண்டபமாகிவிட்டது. இதற்கென்று தனியாக அனுமதி வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை. மழைக்குக் குடை பிடித்தவனிடம் போய், குடைக்கு லைசன்ஸ் இருக்கிறதா என்று யாராவது கேட்பார்களா?

வினை விளக்கு வடிவத்தில் வந்தது. எதிர்ப்பக்கத்தில் ஃபோன் கடை வைத்திருக்கும் ஃபாஸில், தன் கடை முகப்பில் நீல விளக்குப் பட்டை ஒட்டினார். பொழுது சாய்ந்தால் அந்தக் கடை கடல் மாதிரி மின்னியது.

"என்னாங்க, நம்ம ஹோல் இருக்கிறதே யாருக்கும் தெரிய மாட்டேங்குது. மேல இருந்து கீழ வரைக்கும் கலர் கலரா மாறுற லைட்டுப் போடுவோமே" என்றாள் மார்கிரட்.

"போடலாம். ஆனா முறைப்படி" என்றார் அவர்.

ஃபாஸில் இதைக் கேட்டுச் சிரித்தார். "கிளாக்கரய்யா, பல்பு மாட்டுறதுக்கு யாராச்சும் பெர்மிஷன் கேப்பாங்களா? ஏணிய வச்சு ஏறி மாட்டுங்க."

அன்றைக்கு மட்டும் அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சட்டம் தெரிந்த மனிதர் ஏணி வைத்து ஏறுவாரா? வியாபாரக் கட்டடத்தின் முகப்பில் எது பொருத்தினாலும் பிரதேச சபையின் அனுமதி வேண்டும் என்பதை ஃபாஸிலுக்கு அங்கேயே நின்று விளக்கினார். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே விளக்கினார். பிறகு மூன்று நாள் உட்கார்ந்து சிங்களத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினார். 'பிரதான வீதியின் வளைவில் கம்பீரமாக எழுந்து நிற்கும் எனது மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து' என்று ஒரு வரி. அந்த வரி அவருக்கே மிகவும் பிடித்துப்போனது. தேத்தண்ணிக் கடையில் இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

சபையில் தொழில்நுட்ப அலுவலராக இருந்தவள் சுதர்ஷினி. கந்தப்பளைப் பக்கம் தோட்டத்தில் பிறந்து, படித்து, அந்த வேலைக்கு வந்தவள். முப்பது வயதிருக்கும். செபஸ்தியாம்பிள்ளை முதலில் அவளிடம் இங்கிலீஷில் பேசினார். அவள் தமிழில் பதில் சொன்னாள். விண்ணப்பத்தை இரண்டு முறை வாசித்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று ஓடி மறைந்தது. மெச்சுகிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்க ஐயா. வெள்ளிக்கிழமை வந்து எடத்தப் பாக்குறேன். அனுமதி எடுத்த பிளான் இருந்தா எடுத்து வைங்க."

"எல்லாம் ஃபைல்ல இருக்கு மிஸ். ஒரு தாள் தவறாது."

வெள்ளிக்கிழமை மார்கிரட் ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். சுதர்ஷினி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று கட்டடத்தைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து பிளானை மேசையில் விரித்தாள்.

"லைட்டு எதுலேருந்து தொடங்குது ஐயா?"

"மூணாம் மாடியிலேருந்து."

"பிளான்ல ரெண்டு மாடிதானே இருக்கு?"

செபஸ்தியாம்பிள்ளை குனிந்து பார்த்தார். கீழ்த்தளம் இருந்தது. அதற்கு மேல் ஒன்று இருந்தது. அதற்கு மேல் ஒரு நேர்கோடு. அத்தோடு தாள் முடிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கோடு அப்படியேதான் இருந்தது.

"அது மாடி இல்ல மிஸ். அது... ஒழுக்குக்குப் போட்டது."

"ஒழுக்குக்கு மாபிள் போட்டிருக்கீங்களே ஐயா?"

மார்கிரட் ரோல்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு மெல்ல உள்ளே போய்விட்டாள். இவர் கடைசி முயற்சியாக, அது தற்காலிகமாகப் போட்ட கூரை, மாடிக் கணக்கில் சேராது என்று வாதாடினார். சுதர்ஷினி பையிலிருந்து அவருடைய விண்ணப்பத்தை எடுத்து, 'கம்பீரமாக எழுந்து நிற்கும் எனது மூன்று மாடிக் கட்டடம்' என்ற வரியின்மேல் விரலை வைத்தாள்.

"நீங்களே எழுதிக் கையெழுத்தும் வச்சிருக்கீங்க ஐயா. நான் என்னா செய்ய?"

தவளை தன் வாயால் கெடும். செபஸ்தியாம்பிள்ளை தன் கையெழுத்தால் கெட்டார்.

பத்து நாளில் சபையிலிருந்து கடிதம் வந்தது. பொறியியலாளரின் அறிக்கை கிடைக்கும்வரை மூன்றாம் மாடியை எதற்கும் பாவிக்கக்கூடாது. விளக்கு விஷயம் அதற்குப் பிறகு.

உண்மையான இடி அது இல்லை. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி அந்த ஹோலில் வினோதாவின் கலியாண வரவேற்பு. வினோதாவின் தகப்பன் செல்லசாமி, இவர் வேலை பார்த்த தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். கார்டெல்லாம் அடித்து முடிந்துவிட்டது.

"திரைச்சீலையப் போட்டு மூடிட்டு நடத்திருவோங்க. யாரு வந்து பாக்கப்போறா?" என்றாள் மார்கிரட். "இல்லாட்டி அந்தச் சபைப் பிள்ளைக்கு மேல ஒரு பெட்டிசம் எழுதுங்க. ஊருக்கெல்லாம் எழுதுறீங்களே."

அவர் எழுதத்தான் உட்கார்ந்தார். 'மேற்படி அலுவலர் எந்தக் காரணமுமின்றி' என்று தொடங்கினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. காரணம்தான் தலைக்கு மேலே தகரம் போட்டு நிற்கிறதே. வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்கென்று ஒரு கடிதம் எழுத வார்த்தை கிடைக்காமல் தாளைக் கசக்கிப் போட்டார்.

ஹட்டனிலிருந்து பொறியியலாளர் வந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர். சின்னச் சுத்தியல் ஒன்றால் தூண்களைத் தட்டிக்கொண்டே கீழே போனார், மேலே போனார், மறுபடி கீழே போனார். கடைசியில் ஹோலின் நடுவில் நின்றார்.

"மேல இருக்கிற தூணுக்கு நேரா கீழ தூண் இல்ல. இந்தப் பக்கம் முழுப் பாரமும் கீழ் மாடியோட செங்கல் சுவர்ல நிக்குது. இங்க எத்தனை பேர் வருவாங்க?"

"நூத்தம்பது பேர் வரைக்கும்."

"உக்காந்து இருப்பாங்களா? ஆடுவாங்களா?"

செபஸ்தியாம்பிள்ளைக்கு டிசம்பர் நத்தார் விருந்து ஞாபகம் வந்தது. பைலாப் பாட்டுக்கு மொத்தக் கூட்டமும் ஒன்றாகக் குதித்தது. கீழே டியூசன் அறையில் மேசைகள் அதிர்ந்ததை, நல்ல சவுண்டு சிஸ்டம் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தார். நடுவில் நின்று முகம் துடைக்கும் கைலேஞ்சியைச் சுழற்றிச் சுழற்றி ஆடியதும் அவர்தான்.

"கொஞ்சம் ஆடுவாங்க" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. பொறியியலாளர் போன பிறகும் அவர் ஹோலின் நடுவிலிருந்து சுவரோரத்துக்குப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டே படி இறங்கினார்.

மறுநாள் செல்லசாமி வீட்டுக்குப் போனார். மழையில் நனைந்து போய் நின்றவரைப் பார்த்துச் செல்லசாமி பதறிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டார். இவர் உட்காரவில்லை.

"அண்ணே, ஹோல் இல்லண்ணே. என் தப்பு. மேல கட்டினதுக்கு அனுமதியும் இல்ல, பலமும் இல்ல. புள்ள கலியாணத்த அதுல வைக்க எனக்குப் பயமா இருக்கு."

செல்லசாமி மேசைமேல் இருந்த கார்டுக் கட்டைப் பார்த்தார். உள்ளே வினோதா அழுவது கேட்டது.

"கார்டு பாதிக்கு மேல குடுத்தாச்சுங்களே ஐயா" என்றார் செல்லசாமி.

"நான் பாத்துக்கிறேண்ணே."

பங்குச் சாமியாரிடம் போய்க் மாதா கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கினார். சாமியார் ஏன் என்று கேட்டார், சொன்னார், சாமியார் சிரிப்பை அடக்க ஜெபப் புத்தகத்தைத் தேடினார். பிறகு செபஸ்தியாம்பிள்ளை, கொடுக்காமல் மிச்சமிருந்த கார்டுகளில் 'மார்கிரட் ஹோல்' என்பதை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு வெட்டி, முத்து முத்தான எழுத்தில் புது இடத்தை எழுதினார். கொடுத்து முடிந்தவற்றுக்கு வேறு வழியில்லை. செல்லசாமியிடம் பட்டியலை வாங்கிக்கொண்டு, சட்டைப் பையில் பேனாவோடு, லயம் லயமாக ஏறி இறங்கினார்.

ஒவ்வொரு வீட்டிலும் கார்டை வாங்குவார், திருத்துவார். ஒவ்வொரு வீட்டிலும் ஏன் என்று கேட்பார்கள். முதல் வீட்டில் ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்றார். இரண்டாம் வீட்டில் நிர்வாகக் காரணம் என்றார். மூன்றாம் வீடு அம்மாக்கண்ணுவுடையது. தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவள், அவர் சுற்றி வளைத்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப, ஒங்கள நீங்களே பிடிச்சுக் குடுத்துட்டீங்களாங்க?" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாளில் முதல் சிரிப்பு. அம்மாக்கண்ணு கொடுத்த, பால் போடாத சாயத்தண்ணியைக் குடித்துக்கொண்டே முழுக்கதையையும் சொன்னார். அடுத்த வீட்டில் தானாகவே சொன்னார். பத்தாவது வீடு வருவதற்குள் கதைக்கு ஒரு ருசி ஏறியிருந்தது; ஒழுக்குக்கு மாபிள் போட்ட இடத்தில் சிரிப்பு தவறாமல் வந்தது. இருபதாவது வீட்டில், இவர் வருவதற்கு முன்பே கதை வந்துவிட்டிருந்தது. "ஐயா, அந்தக் கம்பீர லெட்டர ஒருக்கா சொல்லுங்களேன்" என்று கேட்டு வாங்கினார்கள்.

பன்னிரண்டாம் தேதி வினோதாவின் வரவேற்பு கோயில் மண்டபத்தில் நடந்தது. ஒருவர்கூட இடம் மாறிப் போகவில்லை. பைலாப் பாட்டுப் போட்டபோது செபஸ்தியாம்பிள்ளை முதலில் தரையைப் பார்த்தார், பிறகு தூண்களைப் பார்த்தார், அதற்குப் பிறகுதான் ஆடினார். செல்லசாமி அவரை இழுத்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க வைத்தார்.

அதன் பிறகு ஒரு திங்கட்கிழமை கொத்து வேலை செய்யும் மேசன் பாஸ் இரண்டு ஆட்களோடு வந்து மேல்மாடியை இறக்கும் வேலையைத் தொடங்கினார். ஜன்னல் இறங்கியது, சுவர் இறங்கியது, தூணும் தகரமும் இறங்கின. மாபிள் கற்களில் உடையாமல் பிழைத்தவற்றை மார்கிரட் குசினியில் அடுப்புப் பக்கம் பதித்துக்கொண்டாள். சிலெப்புக்கு ஒழுக்குத் தடுக்கும் பூச்சு ஒன்று அடித்தார்கள். ஒரே நாளில் ஒழுக்கு நின்றுவிட்டது. இந்த வேலையை முதல் வருஷமே செய்திருக்கலாமே என்று கேட்க வாயெடுத்த மார்கிரட், புருஷனின் முகத்தைப் பார்த்து, "தேத்தண்ணி போடவா?" என்று மாற்றிக் கேட்டாள்.

விளக்குக்கு மறுபடியும் விண்ணப்பித்தார். இந்த முறை நாலே வரி. அதில் கம்பீரம் எதுவும் இல்லை. சுதர்ஷினி வாசித்துவிட்டு, "இது போதும் ஐயா" என்றாள். நிபந்தனைகளோடு அனுமதி வந்தது: வளைவில் நல்லதண்ணி மலையடிவாரத்துக்குப் போகும் யாத்திரை பஸ்கள் திரும்புவதால் சிவப்பு, பச்சை கூடாது, மின்னி மின்னி அணையக்கூடாது, மங்கலான மஞ்சள் மட்டும் போடலாம், ஒன்பது மணிக்கு அணைக்க வேண்டும். மார்கிரட் ஆசைப்பட்டதில் மிஞ்சியது வெளிச்சம் ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் முதல்முறையாக விளக்கைப் போட்டார்கள். செல்லசாமி வந்திருந்தார். ஃபாஸில் கடையை விட்டு ரோட்டுக்கு வந்து நின்றார். செபஸ்தியாம்பிள்ளை சுவிட்சை மார்கிரட்டின் கையில் கொடுத்துவிட்டு, அழகைப் பார்க்க ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஓடினார். அவர் போய்த் திரும்பி நிற்பதற்குள் காசல்ரீ நீர்த்தேக்கப் பக்கத்திலிருந்து மூடுபனி இறங்கியது. ரோட்டை மூடியது, புடவைக் கடையை மூடியது, கட்டடத்தையே மூடியது.

"போட்டுட்டேங்க! தெரியுதா?" என்று பனிக்குள்ளிருந்து மார்கிரட் கத்தினாள்.

அவருக்குத் தன் கையே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஃபாஸில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"பிரமாதமா இருக்கு மார்கிரட்!" என்று செபஸ்தியாம்பிள்ளை உரக்கச் சொன்னார். "அப்படியே எரியட்டும்!"