ஐம்பது சதவீதம்

மாதக் கடைசி வந்தால் வளர்மதிக்குச் சோறு இறங்காது. செஞ்சிப் பக்கத்துக் காவல் நிலையம் ஒன்றில் அவள் எழுத்தர். ஊரில் ரைட்டரம்மா என்பார்கள். களவு போனது எவ்வளவு, மீட்டது எவ்வளவு, நூற்றுக்கு எத்தனை என்று ஒரு படிவம் அவள் கையால் மேலே போகவேண்டும். இப்படி எல்லா நிலையங்களிலிருந்தும் போகும் எண்கள் கூடி, வருடக் கடைசியில் அரசாங்கத்தின் புள்ளிவிவரப் புத்தகத்தில் ஒரு வரியாக நிற்கும்.

தொண்டூரில் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்தவள். நைனா தங்கராஜ் நெல் மண்டியில் மூட்டை சுமந்து படிக்கவைத்தார். காக்கி போட்டுப் பத்தொன்பது வருடம் ஆகிறது. மகள் செஞ்சியில் பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை முடியும்வரை இடமாற்றம் வரக்கூடாது என்பது ஒன்றுதான் அந்த வருடம் அவள் வேண்டியது.

அந்த மாதம் களவு போனது முப்பத்தெட்டு பவுன். மீட்டது பத்தொன்பது. சரியாகப் பாதி. அன்று மாலை நான்கு மணிக்கு விழுப்புரத்தில் ஆய்வுக் கூட்டம்.

"அறுபதுக்குக் கீழ போனா என்னால அங்க உக்கார முடியாது," என்றார் இன்ஸ்பெக்டர் தேவேந்திரன். மேஜை மேல் நான்கு பவுன் சங்கிலி ஒன்று இருந்தது. பிடிபட்ட திருடன் அடகு வைத்திருந்தது. எங்கே பறித்தது என்று அவனுக்கே நினைவில்லை. நிலையத்தின் எந்த வழக்கோடும் அது சேரவில்லை. சேராதவரை கணக்கிலும் வராது. "பனமலை கேஸும் நாலு பவுன்தானே. அந்தம்மாவை வரச்சொல்லிட்டேன். அடையாளம் காட்டிட்டா இருபத்திமூணு. அறுபதைத் தாண்டிடும்."

"ஐயா, அது அந்தம்மாவோடது இல்லைங்க. புகாரை எழுதினதே நான்தான்."

"அதை அந்தம்மா சொல்லட்டும். நீ சொல்லாத." அவர் குரலை உயர்த்தவில்லை. "பொண்ணு பன்னெண்டாவது இல்ல?"

வளர்மதி பனமலைக் கோப்பைத் தேடி எடுத்துவைத்தாள்.

பன்னிரண்டரை மணிக்கு லட்சுமியம்மாள் வந்தாள். பனமலை ஏரிக்கரையில் களையெடுத்துவிட்டுத் திரும்பும்போது, பைக்கில் வந்த இருவர் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கழுத்தில் காயம் இன்னும் ஆறவில்லை. கூடவே மகன் எழிலன், வேன் ஓட்டுகிறவன். வாசலிலேயே யாரோ அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள் போல. உள்ளே வரும்போதே அம்மாவின் காதருகே பேசிக்கொண்டே வந்தான்.

சங்கிலியை அவள் கையில் வைத்தார் இன்ஸ்பெக்டர். "நல்லா பாரும்மா. உன்னுதுதானே?"

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். விரல்கள் மெல்ல மூடின.

"ஆமான்னு சொல்லேம்மா," என்றான் எழிலன் பல்லைக் கடித்துக்கொண்டு. "போனது இனிமே எங்க வரப்போவுது?"

இன்ஸ்பெக்டரின் பார்வை வளர்மதி மேல் இருந்தது. பேசாமல் நின்றால் போதும். லட்சுமியம்மாளுக்குத் தங்கம், நிலையத்துக்கு அறுபது, மகளுக்குப் பரீட்சை. அந்தச் சங்கிலியைப் பறிகொடுத்தவள் மட்டும் எங்கேயோ ஒரு நிலையத்து வாசலுக்கு நடந்துகொண்டிருப்பாள். அவளுடையது கிடைக்கவே கிடைக்காது. யாரும் தேடவும் மாட்டார்கள்.

வளர்மதி கோப்பைத் திறந்தாள். வாசித்தாள்: "கோதுமைச் சங்கிலி. கொக்கி உடைந்து செப்புக் கம்பி கட்டியது. ஓரத்தில் ஒரு வளையம் நசுங்கியிருக்கும்." நிமிர்ந்து சொன்னாள்: "அடையாளம் காட்டறதுக்கு முன்னாடி நீங்க புகார்ல சொன்னதைப் படிச்சிக் காட்டணும்மா. அதான்."

லட்சுமியம்மாளின் மூடிய கை திறந்தது. முறுக்குச் சங்கிலி, கொக்கி புத்தம் புதிதாக மின்னியது. கண்ணில் நீர் கோத்தது.

"இது என்னுது இல்ல சார்," என்றாள். "யாருதோ. அவளும் அறுத்த ரணத்தோடதான இருப்பா."

எழிலன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். இன்ஸ்பெக்டர் படிவத்தை இழுத்து, ஐம்பது என்று இருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழித்தது.

கூட்டத்தில் என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. எட்டாம் நாள் வளர்மதியை நீதிமன்றப் பணிக்கு மாற்றிய உத்தரவு வந்தது. தினமும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில். மகள் தானே சமைத்துச் சாப்பிட்டுப் பரீட்சைக்குப் போனாள். அந்த நாட்களில் வளர்மதி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுததுண்டு. செய்தது சரிதானா என்ற சந்தேகம் வந்ததுண்டு.

மாற்றலாகும் முன் சங்கிலியின் அங்க அடையாளங்களை எழுதி அக்கம்பக்கத்து நிலையங்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தாள். மூன்றாம் மாதம் வந்தவாசிப் பக்கத்திலிருந்து பூ விற்கும் அமிர்தவல்லி என்பவள் ரசீதோடு வந்து, நீதிமன்றத்தில் சங்கிலியை வாங்கிக்கொண்டாள். அன்று பணியில் இருந்தவள் வளர்மதிதான். அமிர்தவல்லிக்கு அவள் யாரென்று தெரியாது. "கையெழுத்து எங்க போடணும் மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

லட்சுமியம்மாளுடையது இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போதும் அவள் புதிய ரைட்டரை விட்டுவிட்டு வளர்மதிக்குத்தான் போன் போடுகிறாள்.

"எதுனா தெரிஞ்சுதாம்மா?"

"இன்னும் இல்லம்மா. விசாரிச்சிட்டு சாயங்காலம் சொல்றேன்," என்கிறாள் வளர்மதி. சொன்னபடி விசாரிக்கவும் செய்கிறாள்.