குருமாவில் போட்ட ஒரு பிடி

என் சமையலில் என்ன இருக்கிறது என்று நான் சொன்ன பிறகும், 'நெசமாவா?' என்று என் முகத்துக்கு நேரே கேட்ட முதல் ஆளுக்கு நாலு வயது. பெயர் முகிலன். அவன் காதுகுத்துக்குத்தான் என்னைச் சமைக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

நாற்பது வருடமாகத் திண்டுக்கல் விசேஷங்களுக்குச் சமைக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஐந்நூறு பேருக்கு உப்பு எவ்வளவு என்று என் கைக்குத் தெரியும். என் வெள்ளைக் குருமாவுக்கு நத்தம் வரைக்கும் பெயர். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று இதைச் சொல்கிறேன்.

1. கவிதாவின் கேள்விகள்

முகிலனின் அம்மா கவிதா ஒரு வாரம் முன்னாலேயே நாகல் நகரில் என் வீட்டுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"பெரியம்மா, புள்ளைக்கு நிலக்கடலை ஆகாது. துளி பட்டாலும் உதடு வீங்கி மூச்சு முட்டிரும். ஒருவாட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம்."

"கடலையா? எங்க காலத்துல..." என்று ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"எந்த விசேஷத்துக்குப் போனாலும் இவனுக்கு மட்டும் டிபன் பாக்ஸ்தான். இவன் காதுகுத்துலயாவது எல்லாரோடயும் இலையில உக்காந்து சாப்பிடணும் பெரியம்மா."

"நான் சமைக்கிறேன்ல, கவலைய விடு."

அவள் விடவில்லை. எண்ணெயைத் தானே வாங்கித் தருவதாகச் சொன்னாள். எதில் என்னென்ன போடுவேன் என்று ஒன்று விடாமல் கேட்டாள். குருமாவுக்குத் தேங்காய், முந்திரி, கசகசா, சோம்பு, பச்சை மிளகாய் என்று சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வறுத்த நிலக்கடலைப் பொடி ஒரு பிடி. அதுதான் என் குருமாவின் ரகசியம். அன்றைக்கு அதைப் போடப் போவதில்லை, பிறகு எதற்குச் சொல்வானேன் என்று நினைத்தேன்.

முகிலன் அம்மாவின் ஷாலைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தான். "குருமாவுல கடலை இருக்கா?"

"இல்ல ராசா."

"நெசமாவா?"

"ஏலே, என்னையவே கேக்குறியா!" என்று சிரித்தேன்.

2. பிரிக்காத துணிப்பை

விசேஷத்தன்று என் ஆட்களிடம், "இந்த எண்ணெயத் தவிர வேற எண்ணெயத் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். குருமாவில் கடலை போடாதீர்கள் என்றால், மற்ற நாளில் போடுவது தெரிந்துபோகுமே. ஆகவே வாயைத் திறக்கவில்லை. பொடி இருக்கும் துணிப்பை வழக்கம்போல என் சாமான் கூடையின் அடியில் கிடந்தது. குருமா கொதிக்க ஆரம்பித்ததும் அதை ஆட்களிடம் விட்டுவிட்டு நான் கேசரி கிண்டப் போனேன்.

காது குத்தி முடிந்தது. மாமன் மடியில் மண்டபமே அதிர அழுதவன், கண்ணீர் காய்வதற்குள் முதல் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். இருபது வருடமாக என்னோடு வேலை செய்யும் பாக்கியம் குருமா வாளியோடு வந்தாள்.

"இதுல கடலை இருக்கா?" என்று அவளிடமும் கேட்டான்.

பாக்கியம் கரண்டியைக் கையில் பிடித்தபடி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவள் கடலையைப் போட்டிருக்கிறாள் என்று புரிந்துவிட்டது.

"நிறுத்துடி! அவன் இலையில ஊத்தாத!"

கவிதா ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். நான் பாக்கியத்தின் பக்கம் திரும்பினேன்.

"என்னடி போட்ட?"

"நீங்க போடுறதத்தான்க்கா. பை பிரிக்காமக் கெடந்துச்சு. அக்காவுக்கு வயசாச்சு, மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். ஒங்க பேரு கெட்டுறக் கூடாதுல்ல?"

"உனக்கு எப்புடித் தெரியும்?"

"கடலை வாசம் வராதா? எங்களுக்கு மூக்கு இல்லையா?" அவளுக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"கடலையே இல்லன்னு சொன்னீங்களே பெரியம்மா!" என்றாள் கவிதா.

"தப்பு எம்மேலதான் தாயி." நாற்பது வருடத்தில் அந்த வார்த்தையை அன்றுதான் சொன்னேன்.

3. இரண்டாம் பந்தி

கவிதா பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தாள். அதைப் பார்த்ததும் முகிலனின் உதடு பிதுங்கியது. என்னால் தாங்க முடியவில்லை.

"முக்கா மணி நேரம் குடு தாயி. உன் வீட்டுப் பாத்திரம், உன் வீட்டு மிக்ஸி. பக்கத்துலயே நின்னு பாரு."

மாமன் பைக்கில் போய் எல்லாவற்றையும் கொண்டுவந்தார். நான் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு, மணமகள் அறையில் புது அடுப்பு வைத்தேன். சோறு, குருமா இரண்டும் புதிதாக. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் போட்டேன். கவிதா பரீட்சை ஹாலில் நிற்கிற டீச்சர் மாதிரி நின்றாள்.

இரண்டாம் பந்தியில் மாமனுக்கும் அத்தை மகளுக்கும் நடுவில் முகிலன். மூன்று இலைக்கும் புதுக் குருமாவை நானே பரிமாறினேன். "கடலை இருக்கா?" என்று மறுபடியும் கேட்டான்.

"தேங்கா, முந்திரி, கசகசா, சோம்பு, பச்ச மொளகா, உங்கம்மா வாங்குன எண்ணெய், உப்பு. அம்புட்டுத்தான்."

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். சாப்பிட்டான். பிறகு, "இன்னொரு கரண்டி" என்றான்.

மாமனும் அதை ருசி பார்த்துவிட்டு, "பெரியம்மா, நீங்க எப்பவும் வைக்கிற குருமாவ விட இதுதான் நல்லாருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இன்னும்கூட அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது அடுப்புப் பற்றவைக்கும் முன் எல்லோரையும் நிற்கவைத்து, எதில் என்ன போடப்போகிறோம் என்று சொல்கிறேன். வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்கிறேன். யார் பிள்ளைக்கு எது ஆகாது என்று அவர்களுக்குத்தானே தெரியும். குருமா வரும்போது மட்டும் என் குரல் தானாக இறங்கிவிடும்.

பாக்கியம் விடமாட்டாள். "அந்த ஒரு பிடியையும் சத்தமாச் சொல்லுங்கக்கா, கடைசியில நிக்கிறவளுக்குக் கேக்கல."

சத்தமாகவே சொல்கிறேன்.