அரைத் தீனிக் கூண்டுகள்

என் வீட்டுக்காரிக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பதினோரு வருடமாக அங்கே எல்லோருக்கும் அவள் எலியக்கா. எனக்குச் சர்க்கரை வந்த நாளிலிருந்து வீட்டில் மகா கறார். ஒரு கரண்டி கூடக் கேட்டால் முறைப்பாள். அந்தக் கல்நெஞ்சுக்காரிதான் எலிகளிடம் உருகிப்போனாள்.

செல்லுக்குள் சர்டுயின் என்று ஒரு புரதக் குடும்பம் இருக்கிறதாம். தீனி குறைந்தால் அது சுறுசுறுப்பாகி, சேர்த்துவைத்த கொழுப்பை எரிக்க வைக்குமாம். அது மந்தமானால் ஈரலில் கொழுப்பு படியலாம், என்னைப் போலச் சர்க்கரையும் வரலாம். இதைச் சொன்னது அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா. சின்ன வயசு, மூன்று வருட உழைப்பு. நான்கு கூண்டுகளுக்கு முழுத் தீனி, நான்குக்கு அளந்து பாதியாகக் குறைத்த தீனி.

குறைத்த கூண்டுகளில் இரண்டு கதவோரம் இருந்தன. எலியக்கா உள்ளே நுழைந்தாலே அந்த எலிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும். அவளுக்கு மனசு கேட்கவில்லை. தினமும் கூண்டுக்கு ஒரு பிடி கூடப் போட்டாள்.

சோதனை முடிவு வந்தது. தீனி குறைத்த நான்கில் இரண்டு கூண்டில் சர்டுயின் ஏறியிருந்தது, கதவோர இரண்டில் ஏறவே இல்லை. "என் யோசனையே தப்புக்கா. எல்லாத்தையும் மூடிடப் போறேன்" என்றாளாம் டாக்டரம்மா.

அன்று வீட்டில் எலியக்கா தட்டைத் தொடவில்லை. துருவித் துருவிக் கேட்டதும் கொட்டிவிட்டாள்.

"சொன்னா வேலை போயிடுமேங்க."

"போனா போகட்டும். அந்தப் பொண்ணோட மூணு வருஷம் போகலாமா?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் எனக்கே உறைத்தது. எங்கள் வீடு ஓடுவதே அவள் சம்பளத்தில்தான்.

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். தீனி அலமாரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எலியக்கா எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா முகம் சிவந்தது.

"எந்தக் கூண்டுக்கு?"

"கதவோரம் இருக்கிற ரெண்டுக்கும்."

டாக்டரம்மா தாளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். திடீரென்று சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீரோடு. "அப்ப நெஜமாவே அரைத் தீனி தின்னதுக்கு ஏறியிருக்கு! அந்தப் புரதமே உங்களைக் காட்டிக் குடுத்துருச்சுக்கா."

அப்புறம் எலியக்காவை வாங்கு வாங்கென்று வாங்கினாள். நடந்ததை அப்படியே எழுதிவைத்துவிட்டு, புது எலிகளோடு முதலிலிருந்து தொடங்கவேண்டுமாம். கடைசியில் சாவியை எலியக்கா பக்கமே தள்ளினாள். "நீங்களே அளந்து போடுங்க. தப்பு பண்ணா வந்து சொல்ற ஆளுக்கு நான் எங்க போவேன்?"

அன்று சாப்பிடும்போது தட்டை நீட்டினேன். "என்னையும் கதவோர எலின்னு நெனச்சு ஒரு கரண்டி?"

அவள் சிரித்தாள். கரண்டி மட்டும் நகரவில்லை.

"எலிக்குப் போட்டேன், போய்ச் சொல்லித் திருத்திக்கிட்டேன். உங்களுக்குப் போட்டுட்டு யாருகிட்டங்க போய்ச் சொல்றது?"