மேலப்பண்ணைச் சுவரில் ஒரு முதுகு

தொண்ணூற்றாறு ஆடியில் பாபநாசம் அருவிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, நான் பார்க்கப் போனது ஒரு சுவரை. விளம்பரப் பலகை எழுதும் நண்பர் முத்தையா, பழைய ஜமீனைச் சாடித் தன் ஊரான மேலப்பண்ணையின் நூலகச் சுவரில் ஒரு படம் வரைந்திருப்பதாகக் கார்டு போட்டிருந்தார். லேசில் திருப்திப்படாத ஆள் அவர். கட்டாயம் வரச்சொல்லி எழுதியிருந்தார்.

நெல்லை சந்திப்பில் காலை 6.40 பேருந்து. அம்பாசமுத்திரம் 35 கிலோமீட்டர், ஏழு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். வழியெல்லாம் கார் நெல் நடவு முடிந்த வயல்கள். ஒரு காலத்தில் அவை யாருடையவை என்று நினைத்தால் பச்சையை ரசிக்க மனம் வரவில்லை. இறங்கி இட்லி சாப்பிட்டுவிடுங்கள், மேலப்பண்ணையில் டீ மட்டும்தான். அங்கே ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய்.

"ராசா படத்துக்கா அண்ணாச்சி? அங்கன எல்லாரும் கும்பிடுதாவ," என்றார் ஆட்டோக்காரர். கிண்டல் என்றுதான் நினைத்தேன்.

கிண்டல் இல்லை. படத்தில் ஜமீன்தார் குதிரை ஏறுகிறார். படிக்குப் பதில் ஒருவனின் குனிந்த முதுகை மிதித்து நிற்கிறார். அந்த ஜமீன்தார் நெற்றியில் ஊரார் வைத்த சந்தனம், குங்குமம், மேலே ஆணியடித்து அரளி மாலை. கீழே ஏற்றிய விளக்கின் கரியெல்லாம் குனிந்தவன் முகத்தில்.

முத்தையா ஈரத்துணியால் கரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இது எங்கப்பா, அண்ணாச்சி. சின்ன வயசுல தெனமும் இப்படி முதுகு குடுத்தவரு. அக்கா வீட்டுக்குப் போயிருந்தாரு, இன்னைக்குத்தான் பாக்க வாராரு. ஒரு தடவையாவது அவரு கோவப்பட்டுப் பாக்கணும்."

பத்து மணிக்கு அப்பா வந்தார். எழுபது வயதிருக்கும். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ராஜாவின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். தூக்கப் போன மகனின் கையைத் தட்டிவிட்டார். எழுந்து, படத்தில் இருந்த தன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார்.

"ஏலே, என்னையுமா வரஞ்சிருக்கே? முதுக இப்படிக் கோணலா வச்சா ராசா சறுக்கி விழுந்துர மாட்டாரா? நேராக்குலே."

ஜமீன் ஒழிந்தது என்று பாடப் புத்தகத்தில் படித்ததெல்லாம் பொய் என்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

போக நினைப்பவர்கள் வெயில் ஏறுமுன் போங்கள், திரும்ப மதியம் 12.30க்கு டவுன் பஸ் உண்டு. படத்தில் அந்த முதுகு கோணலாக இருக்காது. முத்தையா அன்றே அதை நேராக்கிவிட்டார். பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.