சுடலைமணி நிறுத்திய பக்கம்

அழகுத்தாய்க்குப் புத்தகம் என்றாலே ஆகாது. பேக்டரியில் தேயிலைத் தூள் சலித்துவிட்டு வந்தால் அடுப்பு, துணி, தண்ணீர். இதற்கு நடுவில் எவனோ எழுதியதை யார் உட்கார்ந்து படிப்பது என்பாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். அப்படிப்பட்டவள் இந்த வருஷம் மழை பிடித்ததும் சூரியநெல்லி வாயனசாலை என்கிற நூலகத்துக்குக் குடையோடு போய், மழைக்கால வாசிப்புப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். தோட்டத்து லய வீடுகளே வாயைப் பிளந்தன.

“ஓணத்துக்கு முன்னாடி பத்து புஸ்தகம் வாயிச்சா மதி சேச்சி, அது போதும்,” என்றாள் வாயனசாலையைப் பார்த்துக்கொள்ளும் ஜெஸ்னா. “ஏதுல தொடங்கணும்?”

“எங்க வீட்டுக்காரர் கடைசியா எடுத்தது இருக்கா?”

ஜெஸ்னா எழுந்துபோய் எடுத்து வந்தாள்.

போன மழைக்காலத்தில் இதே போட்டியில் சுடலைமணி இருந்தான். தேயிலைக்கு மருந்தடிக்கும் வேலை, மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவான். அவளுக்கு அப்போது சாயங்கால ஷிப்ட். அவன் எழுத்துக் கூட்டி, சத்தம் போட்டுத்தான் படிப்பான். மனசுக்குள் படிக்க அவனுக்கு வராது. ஆனால் அவன் படித்து அவள் ஒரு வரிகூட நின்று கேட்டதில்லை. இந்தப் புத்தகத்தைப் பாதி படித்திருந்தபோது கொம்பன், அந்தக் காட்டு யானை, அவனை அடித்துக் கொன்றுவிட்டது.

அந்தப் பக்கத்து லயங்களில் ஒரு வழக்கம் உண்டு. முற்றத்தில் கொம்பன் வந்தால் யாரும் கூச்சல் போடமாட்டார்கள். பார்த்தவர் பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டுவார், அவர் அடுத்த சுவரை. தட்டு கேட்டதும் விளக்கு அணையும், வாய் மூடும், கதவு திறக்காது. அன்று பொழுது இறங்குகிற நேரத்தில் தட்டு வீடு வீடாக வந்தது. எல்லோரும் அடங்கிவிட்டார்கள். கடைசி வீட்டுச் சுடலைமணி மட்டும் குடத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனான்.

சுவரைத் தட்டியது கேட்காமல் இருக்காது என்றார்கள். தெரிந்தேதான் போயிருப்பான் என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. அன்று காலையில் கூரை ஒழுகிக்கொண்டிருக்க, அவன் புத்தகமும் கையுமாக இருந்ததைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அந்தப் புஸ்தகத்தோடயே குடும்பம் நடத்துங்க. எனக்கு நீங்க வேண்டாம்,” என்று சொல்லிவிட்டாள். அவன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனான். அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டுதான் அவன் வெளியே போனானா? ஒரு வருஷமாக அவளைத் தின்றது இந்தக் கேள்விதான். கேட்க ஆள் இல்லை. அவன் கடைசியாகப் படித்ததிலாவது ஏதாவது தெரியாதா என்றுதான் புத்தகத்தை எடுத்தாள்.

அவளும் சத்தம் போட்டுத்தான் படித்தாள். பக்க ஓரங்களில் அவன் கட்டைவிரல் கறை இருந்தது. அந்தக் கறைமேல் தன் விரலை வைத்துக்கொண்டால் அவன் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. பிறகு மூலை மடித்த பக்கம் வந்தது. அதற்கு மேல் எல்லாம் சுத்தமாக இருந்தன. அதைப் புரட்ட அவளுக்கு மனம் வரவில்லை. நிறுத்தினாள்.

சுவரில் தட்டு கேட்டது.

விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். விடிந்து பார்த்தால் முற்றத்தில் யானைத் தடம் இல்லை, லத்தி இல்லை, வாழை நின்றபடி நின்றது. மறுநாளும் அந்தப் பக்கத்தில் நிறுத்தினாள். மறுபடியும் தட்டு. இருட்டில் மருந்து வாடையும் பீடி வாடையும் அடித்ததுபோல் இருந்தது. “நீங்களா?” என்று கேட்டாள். பதிலுக்கு இன்னொரு தட்டு வந்தது. 

ஞாயிற்றுக்கிழமை பகலில் பக்கத்து வீட்டுக்குப் போனாள். பெரியமுத்து சுவரோரக் கட்டிலில் கிடந்தார். வாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய் இரண்டு மழை ஆகிறது. அவர் மனைவி பேச்சியம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அத்தே, நேத்துக் கொம்பன் வந்துச்சா? சுவத்தத் தட்டுனீகளே.”

“கொம்பனுமில்ல ஒண்ணுமில்ல. மாமாதான் தட்டுனாக. நீ பாதியில நிறுத்திட்டேல்லா, மேல படிங்காக. சுடலை படிக்கையிலயும் இதே சோலிதான். அவன் பீடி பத்த வைக்க நிறுத்துனாப் போதும், தட்டுவாக. ‘இந்தா வாரேன் மாமா’ன்னு அவன் அங்கன இருந்து சத்தம் குடுப்பான். ஒரு வருசமாத் தட்டாத மனுசன், நீ படிச்ச பொறவு திரும்ப ஆரம்பிச்சிட்டாக.”

அழகுத்தாய் தரையில் உட்கார்ந்தாள்.

“அன்னைக்குத் தட்டுனது யாரு அத்தே?”

பேச்சியம்மாவின் கத்தி நின்றது. “நான் பால் ஊத்தப் போயிருந்தேன். மாமா மட்டுந்தான் இருந்தாக.”

இருவரும் கட்டிலைப் பார்த்தார்கள். பெரியமுத்துவின் இடது கை எழுந்து சுவரைத் தட்டியது. பிறகு தன் வாயைத் தொட்டுக் காட்டியது. தொண்டையில் ஏதோ சத்தம் புரண்டதே தவிரச் சொல்லாக வரவில்லை. கண்ணிலிருந்து நீர் காதோரம் வழிந்தது.

“அன்னைக்கும் அவுக ‘வாரேன் மாமா’ன்னாகளா?” என்று மெல்லக் கேட்டாள் அழகுத்தாய்.

அவர் தலையை ஆட்டினார்.

கொம்பன் என்று இவர் தட்டியிருக்கிறார். கிழவருக்குக் கதை அவசரம் என்று நினைத்து, தண்ணீர் பிடித்துவிட்டு வந்து படிக்கலாம் என்று அவன் கதவைத் திறந்திருக்கிறான். திறந்த சத்தம் இவருக்குக் கேட்டிருக்கிறது. போகாதே என்று சொல்ல வாய் இல்லை. அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். தன்னை வெறுத்துப் போகவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகுதான் அந்த மனுஷன் ஒரு வருஷமாக அதை யாரிடமும் சொல்ல முடியாமல் அதே சுவரோரம் கிடந்தது அவளுக்கு உறைத்தது.

வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

“மாமா, இனிமே கதைக்குச் சுவத்தத் தட்டாதீக. கொம்பனுக்கு மட்டும் தட்டுங்க. கதைய நான் இங்கன வந்து படிக்கேன்.”

பெரியமுத்து சுவரிலிருந்து கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். அவள் மடிப்பை நகத்தால் நீவிவிட்டு, சுடலைமணி படிக்காத முதல் வரியை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.