மாடு நக்கிய சுவர்

சதக், சதக், சதக். இரவெல்லாம் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிகளுக்குக் காவலிருந்துவிட்டு விடியலில் திரும்பும்போது, எங்கள் மேடு கண்ணில் படுமுன் சேறு மிதிக்கும் அந்தச் சத்தம்தான் காதில் விழும். கூலியில்லாத வேலைகளில் சண்டை ஜாஸ்தி நடப்பது கூடி வீடு கட்டுவதில்தான். ஷாப் கொட்டகையில் குடும்பம் வைக்க இடமில்லாத நாங்கள், ஒவ்வொன்றாக மண்வீடு எழுப்பிக்கொண்டிருந்தோம். அடுத்தவன் சுவருக்காகக் குதிகால் வெடித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

சலித்த மண்

முதல் வீடு தோல் சீவும் ஞானமுத்துவுக்கு என்று முன்பே பேசிவிட்டோம். அதற்கு மாவு சலிப்பதுபோல் மண் சலித்தவர், அடுத்த வீட்டுக்குக் கல்லும் வேருமாக அப்பினார். அதிலிருந்து, கூரை போட்ட பிறகே சீட்டுக் குலுக்கி வீடு யாருக்கென்று பார்ப்பது வழக்கமாயிற்று. பொட்டலக் காகிதங்களில் எழுத்துக் கற்ற நான்தான் பெயர் எழுதுபவன். என் பெயரை மடிக்கும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கும். சீட்டெதற்கு என்று ஞானமுத்து முணுமுணுத்தார். எங்களோடு சேறு மிதிக்கும் ரோசம்மா விடவில்லை: "உன் செவுத்துக்குச் சலிச்சியே மாமா, அந்தக் கை இன்னும் உன்கிட்டதானே கீது?"

ஆலங்காயம்

என் மனைவி மரியம்மா ஆலங்காயத்தில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். வீடு வந்தால் வருவதாகப் பேச்சு. போகும்போதெல்லாம் மேட்டில் எழும் சுவர்களைப் பற்றி அவளுக்குச் சொல்வேன். எதுவும் நம்முடையதாக இருக்கலாம் என்பதால் எல்லாவற்றையும் சொல்வேன். கதவு கிழக்கே வைக்கலாமா, மேற்கே வைக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். அண்ணன் பிள்ளைகள் எங்களைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள்: "எந்தப் பக்கம் வெச்சா இன்னா? உள்ள தாப்பா இருக்கணும், அவ்ளோதான்."

காசிம் பாயின் எருமை

ஒரு கோடையில் ஏரி மண் எடுக்கத் தடை வந்தது. ஷாப்புக்குப் பின்னால் மண் சும்மா கிடந்தது. வண்டி வண்டியாக அள்ளினோம். உப்பிட்டு வரும் பச்சைத்தோலை உதறும் இடம் அது. வருஷக்கணக்காக உப்பு இறங்கிய மண். உப்பிலேயே ஊறிய எங்கள் கைகளில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை. ஓலை வேய்ந்து சீட்டெடுத்தால், என் பெயர்! அன்று நான் தூங்கவே இல்லை.

முதல் மழைக்குச் சுவர் வியர்த்தது. பிறகு காய்வேனா என்றது. தெருவிலுள்ள மாடெல்லாம் வரிசையாக வந்து நக்கின. மூலைச்சுவரில் தலை நுழையும் அளவு ஓட்டை போட்டது காசிம் பாயின் எருமை. கட்டி வையுங்கள் பாய் என்று கெஞ்சினேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார்: "புண்ணாக்கையே மறந்துடுச்சு தோஸ்த். இன்னும் மூணு செவுரு கீதே, அதுக்குள்ள இன்னா அவசரம்?"

மூட்டையோடு வந்தவள்

வீடு வந்த சேதி மட்டும் ஆலங்காயம் எட்டியிருந்தது. மரியம்மா மூட்டையோடு வந்து இறங்கியபோது நாங்கள் சுவரை இடித்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு கட்டியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஞானமுத்து தலையைச் சொறிந்துகொண்டு, "அடுத்த வூடு சீட்டில்லாம உங்களுக்குத்தாம்மா" என்றார். நான் சரியென்று வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்: "வேணாண்ணா. பாவம்னு குடுத்த வூடுன்னு பேர் வந்துடும். அண்ணன் வூட்ல அந்தப் பேச்சுதான் கேட்டுக்கினு கீறேன். சீட்டுலயே வரட்டும்."

பொழுதுசாய அதே மூட்டையோடு வண்டியேறினாள். திரும்பிப் பார்ப்பாள் என்று வண்டி திரும்பும்வரை நின்றேன். எத்தனையோ பேருக்கு வீடு கட்டிக் குடிவைத்த ஊழியத்தில், என் வீட்டில் வயிறார இருந்தது ஓர் எருமைதான் என்று எண்ணியபடி, வேட்டியை மடித்துக் கட்டி, அடுத்த வீட்டுக்கான சேற்றுக் குழியில் தண்ணீர் ஊற்றினேன்.