பெரட்டுத் தப்பும் ஒரு நாடிப் பதிவும்

காலை ஐந்து மணி பத்து நிமிடம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் எங்கள் அறைக் கதவைத் தள்ளியதும் முதலில் தெரிந்தது, கட்டிலுக்குப் பக்கத்தில் விறைத்து நின்ற அப்பா. சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டியிருந்தார். நான் அவரைப் படுத்திருக்கச் சொல்லியிருந்தேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் பெரகலவுக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து தோட்டத்துக்கு நடப்பேன். இதயத்துக்கு இரண்டு வகை நரம்புகள் போகின்றன. ஒன்று அதை இழுத்துப் பிடிக்கும், மற்றது விரட்டும். மனிதன் திடுக்கிடும்போது இதயம் ஓடுவது, பிடித்த நரம்பு விடுவதாலா, விரட்டும் நரம்பு முடுக்குவதாலா என்பது என் கேள்வி. விடுவதால் என்றால் அடுத்த துடிப்பிலேயே தெரியும். முடுக்குவதால் என்றால் சில விநாடிகள் ஆகும்.

இங்கிலாந்தில் ஒரு பேராசிரியர் தமது ஆய்வுகூடத்தில் எனக்கு இடம் வைத்திருந்தார். ஓய்வில் இருக்கும் ஒருவர் திடுக்கிடும்போது எடுத்த நாடிப் பதிவை அனுப்பவேண்டும், வருட முடிவுக்குள் நான் போய்ச் சேரவேண்டும். போவதற்குப் பாஸ்போட் வேண்டும். பாஸ்போட்டுக்குப் பிரஜாவுரிமை வேண்டும். புதிய சட்டத்தின்படி தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்டினால் அது கிடைக்கும். அப்பா இதே லயத்தில், கோடி அறையில் பிறந்தவர். என் மனு பதுளைக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிடந்தது.

"படுங்கப்பா."

"நீ நிக்கிற, நான் படுக்கிறதா? கால்சட்டை போட்டவங்க முன்னால படுத்துப் பழக்கமில்லடா."

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னார்: "காய்ச்சல்ல படுத்தாக்கூட கங்காணி எழுப்புறான்னு வருசம் பூரா பொலம்பல். மகன் படுன்னா மட்டும் செல மாதிரி நிக்கிறாரு."

படுத்தார். மணிக்கட்டில் கருவியைக் கட்டினேன். கரிப்புகை படிந்த சிறு தாளில் அது நாடியை வெள்ளைக் கோடாக வரையும். கோடு ஓட்டமாக ஓடியது. அது ஓய்வு அல்ல. அந்த லயத்தில் நான் கேட்டுப் பார்த்த எல்லோரிடமும் இதுவே நடந்தது.

"அப்ப நீங்களே படுங்க, தொர," என்றார் அம்மா.

நான் படுத்தேன். தாள் சில விநாடிகளுக்கு மேல் ஓடாது. வெளியே, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுத் தப்பின் தோலை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தார்கள். தப்பு தோளில் ஏறியதும் அம்மா சத்தமில்லாமல் விசையைத் தட்டவேண்டும். தட்டினார். தப்பின் முதல் அடி விழுந்தது. தாளில் அடுத்த துடிப்பே நேரத்துக்கு முன்னால் வந்திருந்தது. நான் ஒரு நாளும் பெரட்டில் நின்றவன் அல்ல.

பதிவை அனுப்பினேன். நன்றாக வந்திருக்கிறது, புறப்பட்டு வாருங்கள் என்று பதில் வந்தது.

அதே மாதம் கச்சேரியில் விசாரணை. யாழ்ப்பாணத்து அலுவலர் ஒருவர் நாற்காலியைக் காட்டினார்.

"இருங்கோ ஐயா."

"பரவால்லீங்க." அப்பா நின்றார்.

"எவ்விடம் நீங்கள்?"

"திருச்சி ஜில்லாங்க. முசிறி பக்கம்."

கேள்விக்கும் பதிலுக்கும் இடையே மூச்சு விடும் நேரம்கூட இல்லை. தோட்டத்தில் யார் கேட்டாலும் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பாட்டன் புறப்பட்டு வந்த இடத்தைச் சொல்லத் தெரியாதவனுக்குக் கல்யாணத்தில் பெண் கொடுக்கமாட்டார்கள்.

"இவர் பிறந்தது இங்கேதான், தோட்டத்தில்," என்றேன்.

"தம்பி, நான் உம்மைக் கேக்கேல்லை." எழுதி முடித்தார். "ஐயாவின்ர பிறப்புப் பதிவு இருக்கோ?"

லயத்தில் பிறந்த பிள்ளைகளை அந்தக் காலத்தில் யாரும் பதியவில்லை. இல்லை என்றேன்.

"அப்ப அவர் சொன்னதைத்தானே நான் எழுதவேணும்." குரலில் கோபம் இல்லை.

பஸ் நிலையத்தில் அப்பா தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"கரெக்டாத்தானே சொன்னேன்?"

"ஆமாப்பா."

"அந்த ஐயா நல்ல மனுசன். உக்காரச் சொன்னாரு."

மனு நிராகரிக்கப்பட்டது. பேராசிரியர் இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார். ஹாலிஎல வயல்களில் பிடித்த தவளைகளின் இதயங்களை வைத்துப் பள்ளிக்கூடத்தின் பின் அறையில் அந்தக் கேள்வியைத் தொடர்ந்தேன். அறுபதுகள் பிறந்தபோதும் அங்கேதான் இருந்தேன்.

முசிறி பக்கம் என்று சொன்ன அப்பா அதுவரை கடலைக்கூடப் பார்த்ததில்லை.